எண்ணெயின் பதமும் இன்ஜின் சத்தமும்

(சூலக்கரையில் ஓட்டுநர்கள், பட்டறைக்காரர்கள், தொழிற்பயிற்சி மாணவர்கள் கூடிய மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



எண்ணெயைப் பற்றிப் பேச விருதுநகர்ப் பக்கத்தைவிடப் பொருத்தமான இடம் தமிழ்நாட்டில் இல்லை. கடலை எண்ணெய், நல்லெண்ணெய், பாமாயில் விலைகளை ‘விருதுநகர் மார்க்கெட் நிலவரம்’ என்று நாளிதழ்கள் தனியாகப் போடுகின்றன. ஒரு சொட்டை ஆள்காட்டி விரலுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவே வைத்துத் தேய்த்துப் பார்த்தே தரம் சொல்லக்கூடிய வியாபாரிகள் வாழ்ந்த ஊர் இது. சத்தத்தைப் பற்றிப் பேசவும் இதுதான் இடம். பட்டாசு ஊரான சிவகாசி பக்கத்தில் இருக்கிறது. வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று ஒவ்வொரு வெடிக்கும் சட்டம் எல்லை கட்டியிருக்கிறது. ஆக, எண்ணெயின் பதமும் தெரிந்தவர்கள், சத்தத்தின் அளவும் தெரிந்தவர்கள் முன்னால் நின்று பேசுகிறேன்.

முப்பது வருடத்துக்கு மேல் பட்டறையிலும் வகுப்பறையிலும் கழித்தவன் நான். என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி ஒன்று உண்டு. “சார், வண்டி ரொம்ப சத்தம் போடுது. கொஞ்சம் கட்டி ஆயிலா ஊத்தினா அடங்குமா? கடையில ஒரு டப்பா தர்றாங்க, ஆயிலோட கலந்து ஊத்தினா இன்ஜின் பூ மாதிரி ஓடும்ங்கிறாங்க. ஊத்தலாமா?” இன்றைய பேச்சு முழுவதும் இந்த ஒரு கேள்விக்கான பதில்தான்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எண்ணெயின் பதத்துக்கும் இன்ஜின் சத்தத்துக்கும் தொடர்பு இருக்கிறது. அந்தத் தொடர்பு நாம் நினைப்பதைவிடச் சிறியது. பெரும்பாலான சத்தம் எண்ணெயால் வந்ததும் இல்லை, எண்ணெயை மாற்றினால் போகப்போவதும் இல்லை. ஏன் என்று இனி விளக்குகிறேன்.

எண்ணெய் விட்டால் சத்தம் நிற்கும் என்ற நம்பிக்கை நமக்கு எங்கிருந்து வந்தது? மாட்டு வண்டியிலிருந்து வந்தது. அச்சில் மசகு காய்ந்துவிட்டால் வண்டி வருகிற சத்தம் அரை மைல் தூரத்துக்குக் கேட்கும். விளக்கெண்ணெயில் வைக்கோல் கரியைக் குழைத்துத் தடவினால் அடுத்த சுற்றிலேயே அடங்கிவிடும். கதவுக் கீலும் கிணற்று உருளையும் இப்படித்தான். அவை எல்லாம் உரசலில் பிறக்கிற சத்தம். ஒன்றோடொன்று ஒட்டி, பிடித்து, விடுபட்டு, மறுபடி பிடிக்கும்போது வருகிற கீச்சொலி. நடுவே எண்ணெய் போனால் அந்தப் பிடிப்பு போய்விடும், சத்தமும் போய்விடும்.

இன்ஜினில் நம் காதுக்கு வருகிற சத்தம் வேறு ஜாதி. அது உரசுகிற சத்தம் இல்லை, அடிக்கிற சத்தம். சிலிண்டருக்குள் எரிபொருள் வெடித்துப் பிஸ்டனை அடிக்கிறது. பிஸ்டன் மேலே போய்த் திரும்புகிற நேரத்தில் ஒரு பக்கச் சுவரிலிருந்து மறுபக்கச் சுவருக்குத் தாவி மோதுகிறது. வால்வு போய் இருக்கையில் உட்காருகிறது. ராக்கர் வால்வின் தலையில் தட்டுகிறது. ஒரு நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும் நான்கு சிலிண்டர் இன்ஜினில் நிமிடத்துக்கு 6,000 வெடிப்பு நடக்கிறது. இத்தனை அடிகளின் மொத்தத்தைத்தான் நாம் ‘இன்ஜின் சத்தம்’ என்கிறோம். வண்டி அச்சுக்கு நாம் கற்ற பாடத்தை அப்படியே இன்ஜினுக்குப் பொருத்தியதில்தான் தவறு தொடங்கியது.

அப்படியானால் அடிக்கிற சத்தத்தில் எண்ணெய்க்கு வேலையே இல்லையா? இருக்கிறது. உரலும் உலக்கையும் பார்த்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். வெறும் உரலில் உலக்கையைப் போட்டால் ‘ணங்’ என்று காதைக் குத்தும். உள்ளே நெல் இருந்தால் ‘தொம்’ என்று அமுங்கிக் கேட்கும். அதே உலக்கை, அதே கை, அதே வேகம். நடுவே இருந்த நெல் அடியை வாங்கிக்கொண்டது. இன்ஜினுக்குள் அந்த நெல்லின் வேலையை எண்ணெய்ப் படலம் செய்கிறது. இரண்டு உலோகப் பரப்புகள் நெருங்கும்போது நடுவிலிருக்கும் எண்ணெய் பிதுங்கி வெளியேற வேண்டும். அதற்குக் கொஞ்சம் நேரம் ஆகும், அந்த நேரத்தில் அடியின் கூர்மை மழுங்கும். கட்டியான எண்ணெய் மெதுவாகப் பிதுங்கும், தண்ணியான எண்ணெய் சீக்கிரம் பிதுங்கும். கட்டி ஆயில் ஊற்றியதும் சத்தம் கொஞ்சம் அமுங்கியதுபோல் இருக்கிறது என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் கேட்டது உண்மைதான். ஆனால் உலக்கையின் பூண் கழன்று ஆடினால் எத்தனை படி நெல் போட்டாலும் அந்தக் கடகடப்பு நிற்காது. பூணை இறுக்க வேண்டும்.

இந்த ‘கட்டி’, ‘தண்ணி’ என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். கோவில்பட்டியில் கடலை மிட்டாய்க்குப் பாகு காய்ச்சுவதைப் பார்த்திருப்பீர்கள். அடுப்பில் இருக்கும்போது தண்ணீராக ஓடுகிற பாகு, தட்டில் ஊற்றி ஆறினால் கம்பியாக இழுக்கும், அப்புறம் கல்லாகும். பொருள் ஒன்றுதான். சூடு மாறியதும் பதம் மாறுகிறது. எண்ணெயும் அப்படியே. இந்தப் பதத்தை அளக்கும் அலகுக்குச் சென்டிஸ்டோக் என்று பெயர். அறை வெப்பத்தில் தண்ணீர் ஏறத்தாழ 1 இருக்கும். 40 டிகிரி வெப்பத்தில் நல்லெண்ணெய் ஏறத்தாழ 35. விளக்கெண்ணெய் 250-ஐ ஒட்டி. இன்று பல கார்களுக்கு ஊற்றும் 5டபிள்யூ-30 எண்ணெய் அதே 40 டிகிரியில் 60, 65 அளவில் இருக்கும். நல்லெண்ணெயைவிடக் கட்டி, விளக்கெண்ணெயைவிட எவ்வளவோ தண்ணி. இன்ஜின் சூடேறி 100 டிகிரிக்குப் போனால் அதே 5டபிள்யூ-30 வெறும் 10, 11-க்கு இறங்கிவிடும். காலையில் டிப்ஸ்டிக்கில் தொட்டுப் பார்க்கும் எண்ணெய்க்கும், சாத்தூர் தாண்டி வண்டி ஓடும்போது பேரிங்குக்குள் இருக்கும் எண்ணெய்க்கும் ஆறு மடங்குக்கும் மேல் வித்தியாசம். கையில் தொட்டுப் பார்த்து “ஆயில் தண்ணியா இருக்கு” என்று தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

டப்பாவின் மேல் எழுதியிருக்கும் எண்களையும் புரிந்துகொள்வோம். அமெரிக்காவின் வாகனப் பொறியாளர் சங்கம் 1911-இல் தொடங்கி, பலமுறை திருத்திய தரவரிசை அது. பின்னால் வரும் எண், 100 டிகிரியில் எண்ணெய் எவ்வளவு கட்டியாக இருக்கும் என்பதைச் சொல்கிறது. 30 என்றால் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்குக்குள். 40 என்றால் 12.5 முதல் 16.3. 50 என்றால் 16.3 முதல் 21.9. முன்னால் வரும் டபிள்யூ எண் குளிரைப் பற்றியது. 5டபிள்யூ எண்ணெயை மைனஸ் 30 டிகிரியிலும், 20டபிள்யூ எண்ணெயை மைனஸ் 15 டிகிரியிலும் வைத்துச் சோதிக்கிறார்கள். கோடையில் 40 டிகிரியைத் தொடுகிற நம் மண்ணில் அந்தக் குளிர் வரப்போவதில்லை. இருந்தாலும் அந்த எண்ணுக்கு இங்கேயும் பொருள் உண்டு. இரவு முழுக்க நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது, முன் எண் சிறிதாக உள்ள எண்ணெய் ஹெட்டுக்குச் சீக்கிரம் ஏறும். காலையில் முதல் சில விநாடி வருகிற ‘கடகட’ சத்தம் சீக்கிரம் அடங்கும். கட்டி எண்ணெய் என்றால் அந்தக் கடகடப்பு நீளும். சத்தத்தைக் குறைக்க ஊற்றிய கட்டி எண்ணெய், தேய்மானம் அதிகம் நடக்கும் அந்த நேரத்தில் சத்தத்தைக் கூட்டுகிறது. இதைப் பலர் கவனிப்பதில்லை.

மெல்லிய எண்ணெய் அத்தனை பாரத்தை எப்படித் தாங்கும் என்று சந்தேகம் வரும். இங்கிலாந்தில் 1883-இல் பீச்சம் டவர் என்ற பொறியாளர் செய்த சோதனையைச் சொல்கிறேன். ரயில் அச்சின் பேரிங்குக்கு எப்படி எண்ணெய் விடுவது நல்லது என்று அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அச்சின் கீழ்ப்பாதி எண்ணெய்த் தொட்டியில் முங்கியிருந்தது. பேரிங்கின் மேலே ஒரு துளை போட்டார். அச்சைச் சுழலவிட்டதும் அந்தத் துளை வழியாக எண்ணெய் பொங்கி வெளியே வழிந்தது. கார்க்கை வைத்து அடைத்தார், தள்ளிக்கொண்டு வந்தது. மரக்கட்டையைச் செதுக்கி அடித்து இறுக்கினார், அதையும் மெல்லத் தள்ளியது. அழுத்தமானியைப் பொருத்தினார், முள் எல்லையையே தாண்டிப் போனது. யாரும் பம்ப் வைத்து எண்ணெயைத் தள்ளவில்லை. சுழலும் அச்சு தானே எண்ணெயை இழுத்து, ஆப்பு போன்ற இடுக்கில் செருகி, பாரம் முழுவதையும் அந்த எண்ணெயின் மேல் ஏற்றி வைத்துக்கொண்டது. 1886-இல் ஆஸ்பார்ன் ரேனால்ட்ஸ் அதற்குக் கணக்கு எழுதினார். இன்றைக்கும் உங்கள் காரின் கிராங்க் தண்டு மிதப்பது அந்தக் கணக்கில்தான்.

அந்தக் கணக்கில் மூன்று விஷயங்கள் ஒன்றோடொன்று பிணைந்தவை: வேகம், இடைவெளி, எண்ணெயின் பதம். பேரிங்கின் இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்கு. ஒரு தலைமுடியைவிடக் குறைவு. இந்த இடைவெளிக்கு இந்தப் பதம் என்று முடிவுசெய்துதான் இன்ஜினை வடிவமைக்கிறார்கள். 1980-களின் வண்டிக்கு 20டபிள்யூ-40 சரியாக இருந்தது. இப்போது வருகிற சில பெட்ரோல் கார்களுக்கு 0டபிள்யூ-16 வரை மெலிந்த எண்ணெய் சொல்லப்படுகிறது. எரிபொருள் சிக்கனத்துக்காக அரசு விதிமுறைகள் இறுகிய பிறகு, உள்ளே உராய்வைக் குறைக்க எடுத்த முடிவு அது. அதற்கேற்ப இடைவெளிகளும் ஆயில் பம்பும் எண்ணெய் ஓடும் துவாரங்களும் மாறியிருக்கின்றன. வால்வு திறக்கும் நேரத்தை எண்ணெய் அழுத்தத்தால் மாற்றும் அமைப்பும் உள்ளே இருக்கிறது. அதில் பழைய பழக்கத்தில் 20டபிள்யூ-50 ஊற்றினால், நரம்புக்குள் கஞ்சி ஓட்டுவதுபோல் ஆகும்.

டப்பெட் சத்தத்துக்கு வருவோம். பட்டறைக்கு வரும் புகாரில் பாதி இதுதான். டப்பெட் இரண்டு வகை. ஒன்று, கையால் இடைவெளி வைப்பது. ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே ஃபீலர் தகட்டைச் செருகி, கொஞ்சம் பிடித்து இழுத்து வருகிற அளவுக்கு ஸ்க்ரூவைத் திருப்பி நட்டை இறுக்குவோமே, அது. அம்பாசடரில் அப்படித்தான். அந்த இடைவெளி கூடிவிட்டால் ‘டக் டக்’ என்று அடிக்கும். அதற்கு மருந்து ஃபீலரும் ஸ்பேனரும். எந்த எண்ணெயும் அந்த இடைவெளியை மூடாது.

இன்னொன்று ஹைட்ராலிக் டப்பெட். ராயல் என்ஃபீல்டில் 2008 வாக்கில் வந்த யூ.சி.இ. இன்ஜினில் இது இருந்தது. பல கார்களிலும் உண்டு. உள்ளே ஒரு சிறிய அறையில் எண்ணெய் நிரம்பி நின்று, இடைவெளியே இல்லாமல் தாங்கிப் பிடிக்கும். திரவத்தை அமுக்க முடியாது என்பதுதான் அதன் ரகசியம். இங்கே எண்ணெய்க்கும் சத்தத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு. எண்ணெய் அளவு குறைந்தால் அந்த அறைக்குள் காற்று புகும். காற்று அமுங்கும், டப்பெட் அடிக்கும். அளவுக்கு மேல் ஊற்றினாலும் இதேதான். கிராங்க் தண்டு எண்ணெயைக் கடைந்து நுரையாக்கிவிடும், நுரைக்குள் இருப்பதும் காற்றுதான். அழுக்கு படிந்து டப்பெட் ஒட்டிக்கொண்டாலும் அடிக்கும். இந்த மூன்றும் எண்ணெயைச் சரி செய்தால் தீரக்கூடிய சத்தங்கள். டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் ஹைட்ராலிக் டென்ஷனருக்கும் இது பொருந்தும். இந்தச் சத்தங்களுக்கும் எண்ணெயைக் கட்டியாக்குவது மருந்தல்ல. சரியான எண்ணெய், சரியான அளவு, சரியான நேரத்தில் மாற்றுவது, இவைதான் மருந்து.

சில வருடங்களுக்கு முன் என் உறவினர் ஒருவர் பழைய கார் ஒன்று வாங்கினார். ஓட்டிப் பார்த்தபோது நானும் கூட இருந்தேன். இன்ஜின் அத்தனை அமைதி. ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் ஓடியதும் எண்ணெய் மாற்றலாம் என்று பட்டறையில் நிறுத்தி டிரெயின் போல்ட்டைக் கழற்றினோம். சூடான இன்ஜினிலிருந்து எண்ணெய் கம்பிபோல வேகமாக விழ வேண்டும். அது கருப்பட்டிப் பாகுபோல மடிந்து மடிந்து விழுந்தது. கையேட்டில் சொன்ன எண்ணெயை ஊற்றி ஸ்டார்ட் செய்தோம். அடியிலிருந்து கனமான தட்டல் எழுந்தது. கனெக்டிங் ராடின் பெரிய முனைப் பேரிங் தேய்ந்துபோயிருந்தது. விற்றவர் பேரிங்கை மாற்றவில்லை, அதன் குரலை அடைத்திருந்தார். அன்று என்னைச் சுட்டது அவர் செய்தது மட்டுமல்ல. டிப்ஸ்டிக்கை இழுத்து எண்ணெயை விரலில் தேய்த்துப் பார்க்காமல் நான் தலையாட்டியதுதான். கியர் பாக்ஸில் மரத்தூளைக் கலந்து ஊளையை அடக்குவதும் இந்தத் தொழிலில் உள்ள பழைய வேலைதான். விற்கிறவனுக்கு ஒரு வாரம் அமைதி போதும், வாங்குகிறவனுக்குப் போதாது.

இனி கடையில் விற்கும் டப்பாவுக்கு வருவோம். எண்ணெயோடு இன்னொன்றைக் கலப்பது புதிதல்ல. விளக்கெண்ணெயில் வைக்கோல் கரியைக் குழைத்த நம் வண்டிக்காரர் செய்ததும் அதுதான். லண்டனில் சார்லஸ் வேக்ஃபீல்டு 1899-இல் தொடங்கிய நிறுவனம், எண்ணெயோடு ஆமணக்கு எண்ணெயைக் கலந்து 1909-இல் விற்றபோது, ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்துதான் காஸ்ட்ரால் என்ற பெயரே பிறந்தது.

நீங்கள் வாங்கும் நல்ல இன்ஜின் எண்ணெய் வெறும் எண்ணெய் இல்லை. அதில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் கலவைப் பொருள்கள் ஏற்கெனவே இருக்கின்றன. அழுக்கைக் கழுவ ஒன்று, கழுவியதைத் திரளவிடாமல் மிதக்கவைக்க ஒன்று, தேய்மானத்தைத் தடுக்கத் துத்தநாகமும் பாஸ்பரஸும் கலந்த ஒன்று, சூட்டில் பதம் கெடாமல் தாங்க நீண்ட சங்கிலிப் பாலிமர் ஒன்று, நுரையை அடக்கச் சிலிக்கோன் துளி, உராய்வைக் குறைக்க மாலிப்டினம் சேர்மம். நம் சென்னை மணலியில், 1965-இல் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் என்ற பெயரில் தொடங்கி இன்று சி.பி.சி.எல். ஆக இருக்கும் சுத்திகரிப்பு ஆலை மசகு எண்ணெயின் அடிப்படை எண்ணெயை எடுக்கிறது. அதே மணலியில் 1989-இல் உருவான இண்டியன் அடிட்டிவ்ஸ் நிறுவனம் இந்தக் கலவைப் பொருள்களையே தயாரிக்கிறது. சமையலில் உப்பும் புளியும் காரமும் அளந்து போட்டுத்தான் குழம்பு வருகிறது. ஆறிய குழம்பில் இன்னொருவர் வந்து ஒரு கை மசாலாவைப் போட்டால் அது ருசியைக் கூட்டும் என்று எப்படிச் சொல்வது?

அந்த டப்பாக்களில் இருப்பதைச் சில வகையாகப் பிரிக்கலாம். முதல் வகை, வெறும் பாலிமர் பாகு. எண்ணெயைக் கட்டியாக்கும். கட்டி ஆயிலுக்குச் சொன்னது எல்லாம் இதற்கும் பொருந்தும். கூடவே, கேமுக்கும் ராக்கருக்கும் நடுவே நசுங்கி அந்தப் பாலிமர் சங்கிலிகள் அறுந்துபோகும், பதம் மறுபடி இறங்கிவிடும். இரண்டாம் வகை, திடப்பொருள் தூள். மாலிப்டினம் டைசல்பைடு இதில் நேர்மையான பொருள். உலோகமும் உலோகமும் தொட்டுக்கொள்ளும் இடத்தில் உராய்வைக் குறைக்கும். சத்தத்தில் கொஞ்சம் மென்மை வரலாம். தேய்ந்த இடைவெளியை அது நிரப்பாது. மூன்றாம் வகை, கழுவும் மருந்து. அழுக்கில் ஒட்டிய ஹைட்ராலிக் டப்பெட்டை இது விடுவித்துச் சத்தத்தை நிறுத்துவது உண்டு, மறுக்கமாட்டேன். ஆனால் வருடக்கணக்கில் எண்ணெய் மாற்றாத இன்ஜினில் ஊற்றினால் கசடு மொத்தமாகப் பெயர்ந்து ஸ்ட்ரெய்னரை அடைக்கும். எண்ணெய் ஏறாமல் இன்ஜின் பிடித்துக்கொள்ளும். அந்த மாதிரி இன்ஜினுக்கு நல்லது, சம்ப்பைக் கழற்றிக் கையால் சுத்தம் செய்வதுதான்.

விளம்பரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் எஸ்.டி.பி. என்ற புகழ்பெற்ற எண்ணெய்க் கலவையின் நிறுவனம், ஆதாரமில்லாத விளம்பரத்துக்காக 1978-இல் அந்நாட்டு வர்த்தக ஆணையத்துக்கு 5 லட்சம் டாலர் அபராதம் கட்டியது. டெஃப்லான் துகள் கலந்த ஸ்லிக் 50 மீது 1996-இல் அதே ஆணையம் வழக்குத் தொடுத்தது. தேய்மானத்தைக் குறைக்கும் என்று அவர்கள் சொன்னதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்பதுதான் குற்றச்சாட்டு. அடுத்த ஆண்டே அந்நிறுவனம் சமரசத்துக்கு வந்தது. தோசைக் கல்லில் ஒட்டாமல் இருக்கிற பொருள் சிலிண்டர் சுவரில் போய் ஒட்டிக்கொள்ளும் என்பதை நம்ப நமக்கும் காரணம் இல்லை.

கலவைப் பொருள் சத்தத்தை உண்டாக்கிய உண்மைக் கதையும் ஒன்று உண்டு. சிறிய டர்போ பெட்ரோல் இன்ஜின்கள் வந்தபோது புதிய கோளாறு ஒன்று தலைகாட்டியது. குறைந்த வேகத்தில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால், தீப்பொறி வருவதற்கு முன்பே உள்ளே பற்றிக்கொண்டு சுத்தியலால் அடித்ததுபோல் ஓர் இடி. பிஸ்டன் உடைந்த சம்பவங்களும் நடந்தன. ஆராய்ந்ததில், சிலிண்டருக்குள் போகும் எண்ணெய்த் துளிகளில் இருந்த கால்சியம் வகைக் கழுவும் பொருள் அதைத் தூண்டியது தெரிந்தது. கால்சியத்தைக் குறைத்து மக்னீசியத்தைச் சேர்த்தார்கள். 2018-இல் ஏ.பி.ஐ. எஸ்.என். பிளஸ், 2020-இல் எஸ்.பி. என்ற தரங்கள் இதற்காகவும் வந்தவை. இப்படி எண்ணி எண்ணிச் சமன் செய்த எண்ணெயில், உள்ளே என்ன இருக்கிறது என்றே எழுதாத டப்பாவைக் கவிழ்த்தால் அந்தச் சமன் என்ன ஆகும்? பி.எஸ்.6 டீசல் வண்டி என்றால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். சாம்பல் விடும் கலவை புகைவடிகட்டியை அடைத்துவிடும். பெரும்பாலான பைக்குகளில் கிளட்சும் அதே எண்ணெயில்தான் முங்கியிருக்கிறது. உராய்வைக் குறைக்கும் மருந்தை அதில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கும்.

“இல்லை சார், நான் ஊத்தினேன், சத்தம் குறைஞ்சது” என்பார்கள். எப்போது ஊற்றினீர்கள் என்று கேட்பேன். பெரும்பாலும் ஆயில் மாற்றும்போது. பழைய எண்ணெய் போனது, அளவு சரியானது, புது ஃபில்டர் வந்தது. சத்தம் குறைந்ததற்கு அந்த மூன்றும் காரணமாக இருக்க, பெயர் டப்பாவுக்குப் போகிறது. ஒருமுறை எண்ணெயை மட்டும் மாற்றிப் பாருங்கள். காது விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. ஒரு டெசிபல் வித்தியாசத்தைக் காது பிடிப்பதே கடினம், பாதியாகக் குறைந்ததாகத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல் இறங்க வேண்டும். காலை குளிர்ந்த இன்ஜினையும் மாலை சூடான இன்ஜினையும் ஒப்பிட்டுத் தீர்ப்புச் சொன்னால் அது இன்ஜினைப் பற்றிய தீர்ப்பு ஆகாது. அதே இடம், அதே சூடு, அதே சுற்று, அதே தூரம். வெடிக்கு எப்படி 4 மீட்டர் என்று தூரம் வைத்தார்களோ, அதே ஒழுங்கு இதற்கும் வேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை இன்ஜினில் வைத்துக் கைப்பிடியைக் காதில் ஒட்டிக் கேட்டுப் பழகுங்கள். சுற்றும் ஃபேனுக்கும் பெல்ட்டுக்கும் கையும் சட்டையும் எட்டாமல் இருக்கட்டும். மேலே ஹெட் கவரில், கிராங்க் இரண்டு சுற்று சுற்ற ஒரு தட்டல் என்றால் டப்பெட் பக்கம். அடியில் கனமாக, பாரம் ஏற்றும்போது கூடினால் பேரிங். குளிரில் அடித்து, சூடேறினால் மறைந்தால் பிஸ்டன் ஆட்டம். ஏற்றத்தில் கல்லைக் குலுக்கியதுபோல் வந்தால் நாக்கிங், அது எரிபொருள், இக்னிஷன் பக்கத்துக் கதை. பெல்ட்டைக் கழற்றியதும் நின்றால் ஆல்டர்னேட்டரோ வாட்டர் பம்போ. அழுக்கில் ஒட்டிய ஹைட்ராலிக் டப்பெட்டைத் தவிர, இவற்றில் எதற்கும் எண்ணெய் டப்பா நேரடி மருந்தல்ல.

கட்டி எண்ணெய்க்கு இடமே இல்லையா என்றால், உண்டு. சில கார்களின் கையேட்டில் வெப்பநிலைக்கு ஏற்ப இரண்டு மூன்று வகை எண்ணெய் சொல்லியிருப்பார்கள். வண்டி இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடி, எண்ணெயும் குடிக்கிறது என்றால், நம் வெயிலுக்கு அந்தப் பட்டியலில் உள்ளதில் கட்டியானதைத் தாராளமாக ஊற்றலாம். பட்டியலைத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான்.

தாய்மார்கள் குழந்தை அழுதால் முதலில் பசியா, எறும்பா, காய்ச்சலா என்று பார்ப்பார்கள். வாயைப் பொத்தமாட்டார்கள். இன்ஜின் எழுப்புகிற சத்தமும் அப்படி ஒரு முறையீடுதான். அதைக் கேட்டு, இடத்தைக் கண்டுபிடித்து, காரணத்தைச் சரி செய்கிறவர்தான் மெக்கானிக். எண்ணெயை ஊற்றி அமுக்குகிறவரால் அந்தப் பெயருக்கு உரிமை கோர முடியாது.

நீங்கள் செய்ய வேண்டியதாக ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நாளைக் காலை வண்டியை எடுப்பதற்கு முன், சமதளத்தில் நிறுத்தி, இன்ஜின் ஓடாத நிலையில் டிப்ஸ்டிக்கை இழுத்துத் துடைத்து மறுபடி விட்டுப் பாருங்கள். எண்ணெய் இரண்டு கோட்டுக்கும் நடுவே இருக்க வேண்டும். கீழ்க்கோட்டைத் தொட்டால், கையேட்டில் சொன்ன அதே எண்ணெயை வாங்கி ஊற்றுங்கள். மேல்கோட்டைத் தாண்டியிருந்தால், குறிப்பாக பி.எஸ்.6 டீசலில், எரிபொருள் கலந்திருக்கிறதா என்று பட்டறையில் காட்டுங்கள். அதற்குப் பிறகும் சத்தம் வந்தால், டப்பாவுக்குக் கொடுக்க வைத்திருந்த பணத்தை நல்ல மெக்கானிக்கின் கையில் கொடுங்கள். உங்கள் இன்ஜினுக்கு அதுதான் மருந்து.